சுன் சூ சொன்ன ஐந்து குறைகளும் எங்கள் சங்கங்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் பகுதியில் ஒரு சங்கத்தின் கூட்டம் பாதியிலேயே குழம்பியது. சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு எல்லாரும் எழும்பிவிட்டோம். தீர்மானம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு பங்கு என்னுடையது. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்த நாள் வகுப்பில் போர்த்துக்கேயர் வருகையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "யாழ்ப்பாண இராச்சியம் ஏன் வீழ்ந்தது?" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன், "ஒற்றுமை இல்லை சேர்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "சேர், நீங்களும் நேற்று சண்டை பிடிச்சதாம், உண்மையோ?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை.

அன்றிரவு, கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வாசித்த ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. சீனாவின் சுன் சூ எழுதியதாகச் சொல்லப்படும் "போர்க்கலை". ஏறத்தாழ 2500 ஆண்டுப் பழைமை என்பார்கள். பதின்மூன்று அதிகாரம் கொண்ட சின்ன நூல். 1972இல் சீனாவின் சாந்துங் மாகாணத்தில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டியபோது மூங்கில் கீற்றுகளில் எழுதப்பட்ட அதன் பிரதி கிடைத்தது. ஏறக்குறைய 2100 ஆண்டுகளுக்கு முன்னர் ஆட்கள் அதைக் கையில் வைத்து வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

"எங்கட ஊருக்கும் சீனாக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் தீவிலேயே உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் நடந்த அகழ்வில், சொங் அரசர் காலத்துச் சீனப் பாண்டங்கள் குவியலாகக் கிடைத்தன. நயினாதீவில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறது. ஊராத்துறை வேறெங்கும் இல்லை, எங்கள் ஊர்காவற்றுறைதான். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. அதைக் கொண்டுவந்த கடற்படைத் தலைவர் செங் ஹோ ஒரு சீன முஸ்லிம். ஆகவே சீனத்து அறிவுரை எங்கள் கரைக்குப் புதிய சரக்கு அல்ல.

சுன் சூ எட்டாம் அதிகாரத்தில், ஒரு படைத்தலைவனைக் கெடுக்கும் ஐந்து குறைகளைச் சொல்கிறார். சாகத் துணிந்து பாய்வது, உயிர்தப்புவதையே நினைப்பது, சட்டென்று கோபப்படுவது, மானத்தில் அளவுமீறிய பற்று, மக்கள்மேல் அளவுமீறிய இரக்கம். ஒவ்வொன்றையும் எதிரி எப்படிப் பிடித்து இழுப்பான் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இந்த ஐந்தையும் எங்கள் வரலாற்றோடும் எங்கள் சங்கங்களோடும் வைத்துப் பார்த்தேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். யாழ்ப்பாண அரசர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை எழுதிவைத்தது அவர்களை வென்ற போர்த்துக்கேயர். அதனால் அரசர்களின் மனதுக்குள் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. நடந்ததையும் அதன் விளைவையும் மட்டும் பார்ப்போம்.

1. பாய்ந்து விழும் துணிச்சல்

புவிராச பண்டாரம் துணிச்சலான அரசன். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படை உதவியை நம்பி, மன்னாரில் இருந்த போர்த்துக்கேயர் கோட்டையோடு மோதினான். பலிக்கவில்லை. 1591இல் அந்திரே புர்த்தாடோ டி மென்டொன்சா என்ற போர்த்துக்கேயத் தளபதி வந்தான். உதவிக்கு வந்த கப்பல்களை வழியிலேயே முறியடித்துவிட்டு, பிறகுதான் யாழ்ப்பாணத்தில் இறங்கினான். நல்லூர் விழுந்தது. அரசன் கொல்லப்பட்டான். அடுத்த அரசனாக எதிர்மன்னசிங்கனை அமர்த்தியது போர்த்துக்கேயர். ஒரே மோதலில் அரசனும் போனான், அரசனைத் தெரிவுசெய்யும் உரிமையும் போனது.

துணிச்சல் கெட்டது என்று சுன் சூ சொல்லவில்லை. கணக்குப் பார்க்காத துணிச்சலைத்தான் சொல்கிறார். எங்கள் சங்கங்களில் இது எப்படி இருக்கும்? ஒரு தலைவர் வருவார், வேகமானவர். முதல் மாதமே மண்டபத்துக்கு அத்திவாரம் போடுவார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் போனில் "செய்யுங்கோ, நான் அனுப்புறன்" என்று சொன்ன ஒரு சொல்தான் கையிருப்பு. அந்தக் காசு வராது. கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து நிற்கும். அடுத்து வரும் நிர்வாகம் பத்து வருடம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

2. கதிரையைக் காக்கும் பயம்

சுன் சூ உயிரைக் காக்கும் பயத்தைச் சொன்னார். சங்கத்தில் அது கதிரையைக் காக்கும் பயமாக வரும். இதற்கு எங்கள் ஊரே சாட்சி.

எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகன் சிறு குழந்தை. அரசகேசரி என்பவர் பொறுப்பாளராக இருந்து ஆளவேண்டியவர். சங்கிலி குமாரன் அவரையும், அரச வம்சத்தில் தனக்குப் போட்டியாக வரக்கூடியவர்களையும் கொன்று ஆட்சியைப் பிடித்தான். போட்டிக்கு ஆளில்லை, இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பான். நடந்தது வேறு. 1618இல் மிகப்பிள்ளை ஆராச்சி முதலானவர்களின் தலைமையில் மக்கள் கிளர்ந்தார்கள். அரசன் நல்லூரை விட்டு ஓடிவந்து ஒளிந்த இடம் எங்கள் ஊர்காவற்றுறை. பிறகு தஞ்சாவூர் நாயக்கரிடம் படை கேட்டான். வருணகுலத்தான் தலைமையில் ஐயாயிரம் பேர் வந்து கிளர்ச்சியை அடக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1619இல், பிலிப்பு டி ஒலிவேறாவின் படை வந்தது. சங்கிலி பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே மரணதண்டனை பெற்றான். இராச்சியம் அத்தோடு முடிந்தது.

இதில் ஒரு விடயத்தை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். சங்கிலியை எதிர்த்த அதே மிகப்பிள்ளை ஆராச்சி, 1620இல் போர்த்துக்கேயருக்கு எதிராகவும் கிளர்ந்தார், தஞ்சாவூர்ப் படையின் துணையோடு. தலைவனை எதிர்த்தவரெல்லாம் மண்ணுக்குத் துரோகி அல்ல. அந்த மனிதரை முன்னமே பக்கத்தில் வைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சங்கங்களில் யாரும் யாரையும் கொல்வதில்லை. ஆனால் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் எழும்பிக் கேள்வி கேட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவனுக்கு அறிவித்தல் போகாது. வங்கிப் புத்தகம், அலுமாரித் திறப்பு, கூட்டறிக்கைக் கொப்பி மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும். அந்த மனிதர் சுகமில்லாமல் ஒரு மாதம் படுத்தால் சங்கமும் படுத்துவிடும். அப்போது "இளைஞர்கள் முன்வருகிறார்கள் இல்லை" என்று கவலைப்படுவோம்.

ஓடுவது எல்லாம் பயம் என்றும் எடுத்துவிடக்கூடாது. 1560இல் கொன்ஸ்தந்தீனோ டி பிராகன்சா பெரும்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது, முதலாம் சங்கிலி பின்வாங்கிப் போனான். தலைநகரை விட்டான், மக்களை விடவில்லை. பிறகு மக்கள் எழுந்தார்கள், போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி மன்னாரோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. இராச்சியம் இன்னும் அறுபது ஆண்டு நின்றது. பின்வாங்கியவனுக்குத் திரும்பி வர இடம் இருந்தது. போட்டியாளர்களையெல்லாம் அழித்தவனுக்கு அந்த இடம் இருக்கவில்லை.

3. சட்டென்று வரும் கோபம்

கிறிஸ்துவுக்கு முன் 203இல் சீனாவில் நடந்தது. சியாங் யூ என்ற பெருந்தலைவன், சாவ் சியூ என்ற தளபதியிடம் ஒரு நகரத்தை ஒப்படைத்து, "பதினைந்து நாள் வெளியே போய்ப் போரிடாதே, நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எதிரிப்படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று நாட்கணக்கில் வசைபாடியது. சாவ் சியூவுக்குப் பொறுக்கவில்லை. படையைத் திரட்டி ஆற்றில் இறங்கினான். பாதிப்படை ஆற்றில் நிற்கும்போது எதிரி அடித்தான். படையும் போனது, பொருளும் போனது, அவன் தற்கொலை செய்துகொண்டான். மதில் உடையவில்லை. அவனை வெளியே கொண்டுவர வாய்ச்சொல் போதுமாக இருந்தது.

எங்கள் பக்கம் வருவோம். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய சுமார் அறுநூறு பேரை முதலாம் சங்கிலி கொல்லுவித்தான். தன் இராச்சியத்துக்குள் போர்த்துக்கேயர் கால்வைக்கிறார்கள் என்ற அச்சம் அவனுக்கு இருந்தது, அது வெறும் கற்பனையும் அல்ல. ஆனால் உயிர்விட்டவர்கள் அவனுடைய மக்கள். அந்த நாளின் வேதனையை எங்கள் கத்தோலிக்க உறவுகள் இன்றைக்கும் நினைவுகூருகிறார்கள். அரசியலாகப் பார்த்தாலும் அது எதிரிக்குத்தான் உதவியது. யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுக்கப் போர்த்துக்கேயர் சொல்லிக்கொண்ட காரணங்களில் அது முன்னுக்கு நின்றது. மேலே பார்த்த முதலாம் சங்கிலியும் இவனும் ஒருவனே. 1560இல் பொறுமையாகப் பின்வாங்கத் தெரிந்தவனுக்கு 1544இல் பொறுக்கத் தெரியவில்லை.

இப்போது என் பங்கு. கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, வட்ஸ்அப் குறூப்பில் ஒருவர் கணக்கைப் பற்றிக் குத்தலாக எழுதினார். அதைப் பொருளாளர் ஐயா எழுதுவித்தார் என்று எனக்குள் நானே முடிவுகட்டிக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு அதே குறூப்பில் ஒரு குரல் பதிவு போட்டேன். இரண்டு நிமிடம். என் வாப்பாவின் வயதுடைய மனிதரைப் பார்த்துப் பேசக்கூடாத சொற்கள். காலையில் அழித்தேன், ஆனால் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அடுத்த நாள் கூட்டம் குழம்பியதற்கு அதுதான் முதல் பொறி.

மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு இருத்தினார், தேத்தண்ணி தந்தார். பிறகு ஒன்றைத்தான் சொன்னார்: "தம்பி, நீர் பேசினதை நான் பொறுப்பன். என்ர பேத்தியும் பக்கத்தில இருந்து கேட்டவள். அவள் உம்மட வகுப்பில படிக்கிறவள்." எனக்குப் பதில் இல்லை.

கோபக்காரனை அவமதித்தே கவிழ்க்கலாம் என்கிறார் சுன் சூ. என்னை யாரும் திட்டமிட்டுக் கவிழ்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு குத்தல் வரி போதுமாக இருந்தது.

4. மானத்தின் பெயரில் வரும் பிடிவாதம்

இதற்கு என் சமூகத்தின் வீரர் ஒருவரையே எடுக்கிறேன். குஞ்ஞாலி மரைக்காயர்கள் நான்கு தலைமுறையாகப் போர்த்துக்கேயரைக் கடலில் எதிர்த்தவர்கள். அவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நான்காம் குஞ்ஞாலி தன் கோட்டையைப் பலப்படுத்தினார், தனக்குப் பெரும் பட்டங்கள் சூடிக்கொண்டார். அவருடைய அரசரான சாமூதிரிக்கு அது மானப் பிரச்சினையானது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நூறு வருடமாக எதிர்த்து நின்ற போர்த்துக்கேயரோடு சாமூதிரியே கைகோத்தார். 1599இல் கோட்டை தாக்குப்பிடித்தது. 1600இல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உயிருக்குத் தீங்கு வராது என்ற வாக்கை நம்பிச் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தப் படையை நடத்தியவன் யார் தெரியுமா? 1591இல் நல்லூரைப் பிடித்த அதே மென்டொன்சா. கோழிக்கோடும் யாழ்ப்பாணமும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தவை. நல்லூரையும் குஞ்ஞாலியின் கோட்டையையும் ஒரே ஆள் வந்து வீழ்த்தினான்.

எங்கள் சங்கங்களில் இது சின்னச் சின்னதாக வரும். அழைப்பிதழில் யார் பெயர் மேலே, மேடையில் யாருக்கு நடுக்கதிரை, யாருக்கு முதலில் மாலை. ஒரு மாலை பிந்தியதற்காக இரண்டான கழகங்கள் உண்டு.

இதற்கு மாறான ஆளையும் எங்கள் ஊரே தந்திருக்கிறது. தனிநாயகம் அடிகளார், 1913இல் கரம்பொன்னில் பிறந்தவர். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட முன்னின்றவர் அவர். முதல் தலைவர் பதவி பிரெஞ்சு அறிஞர் பிலியோசாவுக்குப் போனது. அடிகளார் செயலாளர் பொறுப்பில் ஒருவராக நின்று வேலையைச் செய்தார். இரண்டே ஆண்டில், 1966இல், கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. யார் தலைவராக இருந்தார் என்று இன்று தேடித்தான் பார்க்கவேண்டும். அடிகளாரின் பெயரை யாரும் தேடவேண்டியதில்லை.

5. இல்லை என்று சொல்லத் தெரியாத இரக்கம்

இது சுன் சூ சொன்னவற்றுள் எனக்கு மிகவும் கசப்பானது. இரக்கம் எப்படிக் குறையாகும்?

கி.பி. 208இல் லியூ பேய் என்ற சீனத் தலைவர் எதிரியிடமிருந்து பின்வாங்கினார். அவரை நம்பி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் கூடவே நடந்தார்கள். விட்டுவிட்டு விரைந்து போகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். ஊர்ந்து போன கூட்டத்தை எதிரியின் ஐயாயிரம் குதிரைப்படை சாங்பான் என்ற இடத்தில் பிடித்தது. அவர் உயிர்தப்பினார், நம்பி வந்த மக்களில் பெருந்தொகையினர் அகப்பட்டார்கள். அவர் மக்களை விட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் குடும்பங்கள் 1990இல் கையில் கிடைத்ததோடு நடந்தவை. நான் பிறந்தது புத்தளத்தில், அகதி வாழ்க்கையில். கூட்டத்தை விட்டுப்போகாத தலைவரின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் இரக்கம் மட்டும் இருந்து ஏற்பாடு இல்லாவிட்டால், இரங்கப்பட்டவர்களே முதலில் அகப்படுகிறார்கள். அதுதான் பாடம்.

சங்கத்தின் கடன் நிதியை எடுங்கள். ஒருவருக்கு இயந்திரம் பழுது, கொடுக்கிறோம். இன்னொருவருக்கு வலை, கொடுக்கிறோம். திருப்பிக் கேட்கத் தலைவருக்கு முகமில்லை, எல்லாரும் சொந்தம். மூன்றாம் வருடம் ஒரு விதவைத் தாய் பிள்ளையின் படிப்புக்குக் கேட்டு வரும்போது பெட்டியில் ஒன்றும் இல்லை. முன்னர் காட்டிய இரக்கத்தின் விலையை அந்தத் தாய் கொடுக்கிறார்.

சரி, இதற்கு என்ன வழி?

ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். துணிவு, நிதானம், உணர்ச்சி, மானம், அன்பு. ஐந்தும் நாங்கள் ஒருவரைத் தலைவராக்கும்போது பாராட்டிய குணங்கள். அவை அளவு மீறும்போதுதான் குறையாகின்றன. அளவு மீறுவது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்காகத்தானே இத்தனை நாளும் கைதட்டினோம். ஆகவே குறையில்லாத தலைவரைத் தேடிக் கூட்டத்துக்குக் கூட்டம் ஆளை மாற்றுவதால் பயனில்லை. "இது அளவு மீறுகிறது" என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவர் சொன்னால் பகையாகாது என்ற நிலையும் இருக்கவேண்டும்.

627இல் மதீனாவைச் சுற்றி எதிரிப்படை வந்தபோது, அகழி வெட்டலாம் என்று சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் (ரலி). அரபு நாட்டுக்குப் பழக்கமில்லாத யோசனை. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள், தாங்களும் மண் சுமந்தார்கள். வள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஒரு அதிகாரமே வைத்து, கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசனின் கதியை எச்சரித்திருக்கிறார்.

ஊர்காவற்றுறையில் காரைநகர்ப் பாதைக்குக் காத்து நிற்கும்போது கடலுக்குள் தெரியும் கோட்டையைப் பாருங்கள். கடற்கோட்டை என்போம், ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹமன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டியது. நாலு பக்கமும் கடல், நல்ல மதில். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிதண்ணீர் தட்டுப்பட்டது, அதனாலேயே சரணடைந்தார்கள். ஒரு சங்கத்துக்குக் கட்டடமும் வங்கிக் கணக்கும் மதில் மாதிரி. உண்மையைச் சொல்லும் ஆட்கள்தான் குடிதண்ணீர்.

வரும் பொதுக்கூட்டத்தில் நான் மூன்று பிரேரணை வைக்கப்போகிறேன். ஒன்று, தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று யாப்பில் எழுதுவது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கையை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது, கடன் நிலுவை உட்பட. மூன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பதினைந்து நிமிடம் உறுப்பினர்கள் குறை சொல்வதற்கு. அந்த நேரத்தில் நிர்வாகத்தினர் பதில் பேசாமல் எழுதிக்கொள்ளவேண்டும், பதில் அடுத்த கூட்டத்தில்.

அதற்கு முன்னர், எந்தக் குறூப்பில் பேசினேனோ அந்தக் குறூப்பிலேயே பொருளாளர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் கேட்கச் சொல்லவில்லை. அவருடைய பேத்தி கேட்கவேண்டும் என்பதற்காக.

திரும்பி வந்த குடும்பங்களும் இங்கேயே தங்கியிருந்த குடும்பங்களும் சேர்ந்தே எண்ணிவிடக்கூடிய அளவுதான் இந்தத் தீவில் இருக்கிறோம். இரண்டாகப் பிரிய எங்களிடம் ஆள் இல்லை. தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள். என் பிரேரணை பிழையென்றால் எழும்பிச் சொல்லுங்கள். இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்.